திராட்சைத் தோட்டத்துச் சத்திரம்

"காப்பியைத் தவிர வேறொரு பானத்தையும் தொடாத ஆசாமி நீர். உமக்கு எதற்கு ஐயா ஒயின் தேசத்து யாத்திரை?" என்று நான் புறப்படும்போது நண்பர்கள் கேட்டார்கள். பல் இல்லாதவன் முறுக்குக் கடைக்குப் போகிற மாதிரி என்று ஒருவர் உவமானமும் சொன்னார். வீட்டில் கவலை வேறு விதம். "அங்கே குளிருமாமே, மப்ளரை மறந்துவிடாதீர்கள்" என்பதோடு அது நின்றது. அந்த மப்ளர் பின்னால் இந்தக் கதையில் வரப்போகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் மட்டும் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "நாலு நாள் இரும். எங்கே படுத்தீர், என்ன சாப்பிட்டீர், யாரோடு பேசினீர் என்று எழுதும். குடிக்கிற சமாசாரத்தை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்." அந்த உத்தரவுப்படியே எழுதுகிறேன்.

பாரிஸ் நகரில் கார் த லியோன் என்ற ஸ்டேஷனில் அதிவேக ரயில் ஏறினால் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் டிஜோன் வந்துவிடுகிறது. அங்கே இறங்கிச் சாதாரண ரயிலில் இருபது நிமிஷம். 'போன்' என்ற ஊர். டெலிபோனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பர்கண்டி மாகாணத்து ஒயின் வியாபாரத்துக்கு இதுதான் தலைநகரம். அங்கிருந்து டாக்ஸியில் கால் மணி நேரம் போனால், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்னக் கிராமம். அதில்தான் என் ஜாகை.

'பூட்டிக் ஹோட்டல்' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பூட்டிக் என்றால் பிரெஞ்சு பாஷையில் வெறும் கடை என்றுதான் அர்த்தம். இந்த நாளில் அது சின்னதாக, ஒவ்வொரு அறையும் வெவ்வேறு தினுசாக, முதலாளியே வாசலில் நின்று வரவேற்கும் ஹோட்டலுக்குப் பெயராகிவிட்டது. பிரெஞ்சு சட்டம் இதிலும் கணக்குப் பார்க்கிறது. உங்கள் வீட்டில் ஐந்து அறைகள் வரை, பதினைந்து பேர் வரை விருந்தாளிகளை வாடகைக்கு வைத்துக்கொண்டால் அது வீடுதான். அதற்கு மேல் போனால் ஹோட்டல். அதற்குத் தனிச் சட்டதிட்டங்கள். என் சத்திரத்தில் ஒன்பது அறைகள். ஆகவே சர்வ நிச்சயமாக ஹோட்டல்!

நான் போய்ச் சேர்ந்தது பகல் இரண்டு மணி. கதவு சாத்தியிருந்தது. 'மூன்று மணிக்குத் திறக்கப்படும்' என்று ஓர் அட்டை. கல் திண்ணை ஒன்று இருந்தது. பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்புக்குக் காத்திருப்பவன் போல உட்கார்ந்திருந்தேன். சரியாக மூன்று மணிக்குக் கதவு திறந்தது. எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். வெள்ளைத் தலை, நீல நிற ஏப்ரன், கையில் தோட்டக் கத்தரி.

"எக்ஸ்கியூஸ் மீ, எனக்கு ரூம் ஒன்று..." என்று ஆரம்பித்தேன்.

"பொன்ழூர், முஸ்ஸியே" என்றார் அம்மாள்.

"என் பெயரில் ரூம் ஒன்று எழுதியிருக்கும்..."

"பொன்ழூர், முஸ்ஸியே!"

மூன்றாம் தடவைதான் எனக்கு உறைத்தது. முதலில் வணக்கம் சொல்லாதவனுக்கு அந்த நாட்டில் காரியம் நடக்காது. ரொட்டிக் கடையானாலும், தபாலாபீஸானாலும், பஸ் கண்டக்டரானாலும் முதல் வார்த்தை 'பொன்ழூர்' ஆக இருக்க வேண்டும். "பொன்ழூர், மதாம்" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. பெட்டியை வாங்கப் பாய்ந்து வந்தார். நான் விடவில்லை. விட்டிருந்தால் தேவலை என்று பிறகு தோன்றியது. ஏனெனில் லிப்ட் கிடையாது. நத்தை ஓட்டைப் போலச் சுற்றிச் சுற்றி ஏறும் கல் படிக்கட்டு. மூன்றாவது மாடி போய்ச் சேருவதற்குள் இருபத்து மூன்று கிலோ பெட்டி இருநூற்று முப்பது கிலோ ஆகிவிட்டது.

அறைகளுக்கு நம்பர் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு திராட்சைத் தோட்டத்தின் பெயர். என் அறையின் பெயர் 'க்ளோ தே மூஷ்'. அகராதியைப் புரட்டினேன். 'ஈக்களின் தோட்டம்' என்று போட்டிருந்தது! திடுக்கிட்டுக் கட்டிலைச் சுற்றும் முற்றும் பார்த்தேன். பிறகு மதாம்தான் விளக்கினார். பழைய காலத்தில் தேனீயைத் 'தேன் ஈ' என்பார்களாம். தேன் கூடுகள் இருந்த தோட்டமாம் அது. ஈ ஒன்றும் இல்லை. கூரையில் மட்டும் ஈரம் ஊறிய கறை ஒன்று, தென்னமெரிக்கா தேசப்படம் மாதிரி பரவியிருந்தது. மரச் சன்னல் கதவைத் திறந்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். ஏப்ரல் கடைசி வாரம். கொடி என்று சொன்னேனே தவிர, இடுப்பளவுக் கட்டைகள்தாம். ஒவ்வொரு கட்டையிலும் விரல் நகம் அளவுக்குப் பச்சைத் துளிர்.

★

ஹோட்டலில் காலைப் பலகாரம் மட்டும்தான். ராத்திரி சாப்பாட்டுக்கு ஊரில் இருந்த ஒரே ஒரு போஜன சாலைக்குப் போனேன். நத்தை இருந்தது. ஒயினில் வேகவைத்த மாட்டிறைச்சி இருந்தது. சேவல் இருந்தது, அதுவும் ஒயினில். போகட்டும், முட்டையாவது சாப்பிடலாம் என்றால் அதையும் ஒயினிலேயே வேகவைத்திருந்தார்கள்! இலைதழையும் ரொட்டியும் தின்றுவிட்டுத் திரும்பினேன்.

என் முகத்தைப் பார்த்தே மதாம் விஷயத்தைப் புரிந்துகொண்டுவிட்டார். சமையலறைக்குள் வரச் சொன்னார். உருளைக்கிழங்கை மெல்லிசாகச் சீவி, பாலாடையும் பாலாடைக் கட்டியும் போட்டு அடுப்பில் வைத்தார். அது வேகிற நேரத்தில், ஒரு சின்ன ஜாடியைத் திறந்து இலைக்கறியில் ஒரு கரண்டி கலந்தார். வாயில் வைத்தேன். நெற்றிப் பொட்டு வரைக்கும் 'சுர்' என்று ஏறியது. கடுகு! டிஜோன் நகரத்துக் கடுகு விழுது உலகப் பிரசித்தம். நாம் எண்ணெயில் வெடிக்க விடுகிறோம். அவர்கள் புளிப்பு நீரில் ஊறவைத்து அரைக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடுகில் பெரும் பகுதி கானடாவிலிருந்து வருகிறது. 2021-ல் கானடாவில் வறட்சி வந்தது. 2022-ல் பிரான்ஸ் கடைகளில் கடுகு ஜாடியே கிடைக்காமல் ஜனங்கள் திண்டாடினார்கள். "எங்கேயோ மழை பெய்யவில்லை, இங்கே என் சமையலறையில் கடுகு இல்லை" என்று சொல்லிச் சிரித்தார் மதாம்.

நான் எந்த ஊர் என்று விசாரித்தார். சென்னை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஸ்லோகம் சொல்வது போல ஒப்பித்தார்: "பொந்திஷேரி, காரிக்கால், யானாவோன், மாஹே, ஷாந்தெர்நாகோர்!" பழைய தலைமுறைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த ஐந்து ஊர்ப் பெயர்களும் பள்ளிக்கூடத்து மனப்பாடம். புதுச்சேரி, காரைக்கால், ஏனாம், மாஹி, சந்திரநாகூர். அந்த ஊர்கள் எங்கே இருக்கின்றன என்று மதாமுக்குத் தெரியாது. பெயர்கள் மட்டும் பாட்டாகத் தங்கியிருந்தன.

அன்று ராத்திரிதான் அவருடைய கதையும் தெரிந்தது. அந்த வீடு புருஷன் வழிப் பூர்வீகம். மாமனாருக்குக் கொஞ்சம் திராட்சை நிலம் இருந்தது. மாமனார் காலமானார். பிரான்ஸில் நெப்போலியன் காலத்து 1804-ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்து, பிள்ளைகளுக்குச் சரிபாகம்தான். மூன்று பிள்ளைகள். மற்ற இருவரும் தங்கள் பங்கை விற்கப் புறப்பட்டார்கள். மதாமின் புருஷன் கடன் வாங்கி, தகப்பனார் கையால் நட்ட ஒரு துண்டை மட்டும் மீட்டார். அந்தக் கடனை அடைக்கத்தான் வீட்டை ஹோட்டலாக்கினார்கள்.

"தோட்டத்தைக் காப்பாற்ற ஹோட்டல் வைத்தோம். இப்போது ஹோட்டலைக் காப்பாற்றத் தோட்டத்தை விற்கச் சொல்கிறார்கள்" என்றார் மதாம்.

கூரை பழுது. நல்ல மழை வந்தால் மேல் மாடி ஒழுகுகிறது. புது ஓடு போட ஆகும் செலவைக் கேட்டால் தலை சுற்றுகிறது. புருஷன் போய் எட்டு வருஷமாகிறது. ஒரே பெண் லியோன் நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறாள். நிலத்தை வாங்க ஒரு கம்பெனி தயாராக இருக்கிறது. வெள்ளிக்கிழமை பத்திர வக்கீலிடம் போக வேண்டும். அன்று திங்கட்கிழமை.

★

தோட்டம் எவ்வளவு பெரியது என்று கேட்டேன். மூன்று 'ஊவ்ரே' என்றார். ஒரு மனிதன் ஒரு நாளில் கொத்திப் புரட்டக்கூடிய நிலத்துக்கு அந்தக் காலத்துக் குடியானவர்கள் வைத்த பெயர் ஊவ்ரே. இன்றைக்கும் அதுதான் அளவு. சுமார் 428 சதுர மீட்டர். நம் கணக்கில் பத்தரை சென்ட். ஆக மூன்று ஊவ்ரே என்பது முப்பத்திரண்டு சென்ட். இதற்கா இத்தனை மனக் கஷ்டம் என்று நினைத்தேன். மறுநாள் காலை தோட்டத்துப் பக்கம் நடந்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

பர்கண்டியின் நல்ல திராட்சை நிலமெல்லாம் வடக்கு தெற்காக ஓடும் ஒரு நீளமான குன்றுச் சரிவில் இருக்கிறது. கறுப்புத் திராட்சை என்றால் பினோ நுவார், வெள்ளை என்றால் ஷார்தொனே; பெரும்பாலும் இந்த இரண்டு ஜாதிதான். ஜாதி விஷயத்தில் அவர்கள் மகா கறார். 1395-லேயே அந்த நாட்டுப் பிரபு ஒருவர், காமே என்ற மட்ட ரகக் கொடியைப் பிடுங்கி எறியும்படி உத்தரவு போட்டிருக்கிறார்! சரிவின் நடுவில் உள்ள நிலம் உசத்தி. அடிவாரத்துச் சமவெளி மட்டம். ஒரு நெடுஞ்சாலை குறுக்கே ஓடுகிறது. சாலைக்கு மேற்கே ஒரு விலை, கிழக்கே ஒரு விலை. ஒரே கொடி, ஒரே வெயில். ஆனால் மண்ணும் சரிவும் வேறு. இப்படிப் பெயரும் எல்லையும் வைத்துப் பிரித்த துண்டுகளுக்குக் 'கிளிமா' என்று பெயர். மொத்தம் 1,247. இவற்றை 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்திருக்கிறது.

வூழோ என்ற இடத்தில் சுமார் ஐம்பது ஹெக்டேர் தோட்டத்தைச் சுற்றி ஒரே மதில். பிரெஞ்சுப் புரட்சி வரை ஒரே மடத்துச் சாமியார்களுக்குச் சொந்தமாக இருந்தது. இப்போது அந்த ஒரே மதிலுக்குள் சுமார் எண்பது சொந்தக்காரர்கள்! பாகப் பிரிவினை என்றால் இப்படி இருக்க வேண்டும். மறு பக்கம், பெரிய முதலைகளும் வருகின்றன. 2014-ல் ஒரு புகழ் பெற்ற தோட்டத்தை பெர்னார் ஆர்னோவின் கம்பெனியும், 2017-ல் இன்னொன்றைப் பிரான்ஸ்வா பினோவின் கம்பெனியும் வாங்கின. கைப்பைகளும் வாசனைத் திரவியங்களும் விற்றுப் பணம் சேர்த்தவர்கள். நிலத்தின் விலை ஏற ஏற, தகப்பன் சொத்து பிள்ளைக்கு வரும்போது கட்ட வேண்டிய வரியும் ஏறுகிறது. உச்ச விகிதம் நூற்றுக்கு 45. வரி கட்டவே நிலத்தை விற்கும் குடும்பங்கள் உண்டு.

மதாமின் நிலத்தைப் பக்கத்து வீட்டுக் குடியானவர் ஒருவர் வாரத்துக்குப் பயிர் செய்கிறார். ஆமாம், நம் ஊர் வாரமேதான். பாதி அவருக்கு, பாதி சொந்தக்காரருக்கு. நல்ல வருஷத்தில் அறுநூறு பாட்டில் தேறும். அவர் தம் நிலவறைக்கு என்னை அழைத்துப் போனார். வரிசையாக ஓக் மரப் பீப்பாய்கள். ருசி பார்க்கும் சடங்கு நடந்தது. கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் ஊற்றி, சுழற்றி, மோந்து, வாயில் வைத்து, 'கொப்புளித்து'... அப்புறம் ஒரு வாளியில் துப்பிவிட்டார்! தொழில் தெரிந்தவர்கள் விழுங்குவதே இல்லையாம். இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே! நான் மோந்ததோடு நிறுத்திக்கொண்டேன். மழை பெய்து ஓய்ந்த கல் மண்டபத்து வாசனை. அவர் வாய்விட்டுச் சிரித்து, "நீங்கள் எங்களைவிட ஒரு படி மேலே போய்விட்டீர்கள்" என்றார்.

★

புதன்கிழமை போன் ஊருக்குப் போனேன். எல்லோரும் பார்க்கும் இடம் 'ஓத்தேல் தியூ'. நேர் அர்த்தம் சொன்னால் 'கடவுளின் ஹோட்டல்'. ஆனால் அது ஆஸ்பத்திரி. நூறு வருஷப் போர் நாட்டைச் சுரண்டிவிட்டுப் போயிருந்த சமயத்தில், 1443-ல், பர்கண்டிப் பிரபுவின் மந்திரி நிக்கோலா ரோலானும் அவர் மனைவி கிகோன் அம்மாளும் ஏழைகளுக்காகக் கட்டினார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு ஓடுகளைக் கோலம் போட்டது போல வேய்ந்த கூரை. உள்ளே பெரிய மண்டபம். இருபுறமும் சிவப்புத் திரை போட்ட கட்டில்கள். ஏழைகளை இவ்வளவு பேராக ஆக்கிய மனிதர் அவர்களுக்கு ஆஸ்பத்திரி கட்டியது நியாயந்தான் என்று பதினோராம் லூயி மன்னர் குத்திக்காட்டியதாக ஒரு கதை உண்டு. எப்படியானால் என்ன? 1971 வரை அங்கே நோயாளிகள் படுத்திருந்தார்கள்.

செலவுக்கு வழி? பக்தர்கள் கோயிலுக்கு நிலம் எழுதி வைப்பது போல, ஊரார் அந்த ஆஸ்பத்திரிக்குத் திராட்சைத் தோட்டங்களை எழுதி வைத்தார்கள். 1859 முதல் அந்த ஒயின் பகிரங்க ஏலத்தில் போகிறது. வருஷா வருஷம் நவம்பர் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஏலம். பணம் இன்றைய ஆஸ்பத்திரிக்கும் தர்ம காரியங்களுக்கும் போகிறது.

இன்னொரு விசேஷம். இந்த ஊரில் எந்த வருஷம் என்றைக்குத் திராட்சை பறித்தார்கள் என்பதை 1354 முதல் 2018 வரை ஏடுகளிலிருந்து திரட்டி வைத்திருக்கிறார்கள். அறுநூறு வருஷத்துக்கு மேற்பட்ட கணக்கு! அதிலிருந்து ஒன்று தெரிகிறது: 1988-க்குப் பிறகு பறிப்பு சராசரி பதின்மூன்று நாள் முன்னதாக வந்துவிட்டது. பூமி சூடேறுகிறது. சூடேறினால் நல்லதுதானே, பனி பயம் போகுமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். விஷயம் தலைகீழ். குளிர்காலம் சூடாக இருப்பதால் துளிர் முன்கூட்டியே வருகிறது. ஏப்ரல் மாதத்துப் பனியோ பழையபடி ஏதாவது ஒரு ராத்திரி வந்து நிற்கிறது. முன்பெல்லாம் மொட்டுக்குள் பத்திரமாகத் தூங்கியிருக்க வேண்டிய துளிர், இப்போது வெளியே வந்து மாட்டிக்கொள்கிறது. 2016 ஏப்ரல் 27-ந் தேதி விடியற்காலையும், 2021 ஏப்ரல் முதல் வாரத்திலும் அப்படித்தான் நேர்ந்தது. ஒரு வருஷத்து உழைப்பு ஓரிரு ராத்திரிகளில் கருகிப்போயிற்று.

சாயங்காலம் திரும்பினேன். ஆகாயம் துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. "என்ன அழகான வானம்!" என்றேன். மதாம் பதில் சொல்லவில்லை. சன்னல் ஓரத்தில் தொங்கிய உஷ்ணமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

★

நள்ளிரவுக்குப் பின் இரண்டரை மணி இருக்கும். படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். சட்டை மேல் சட்டை போட்டு, மப்ளரைச் சுற்றிக்கொண்டு இறங்கினேன். மதாம் ரப்பர் பூட்ஸும் புருஷனுடைய பழைய கோட்டுமாக நின்றிருந்தார். "நீங்கள் விருந்தாளி, தூங்குங்கள்" என்றார். "தூக்கம் வரவில்லை" என்று பொய் சொன்னேன்.

தோட்டத்தில் ஏற்கனவே டார்ச் வெளிச்சங்கள் நடமாடின. அந்த ஊர் மெழுகுவர்த்தியை நீங்கள் பார்க்க வேண்டும். பெயின்ட் டப்பா அளவுக்கு ஒரு தகர டப்பா நிறைய மெழுகு. ஒரு ஹெக்டேருக்கு முந்நூறு, நானூறு வேண்டும். ஒன்று எட்டுப் பத்து யூரோ ஆகிறது. ஒரு ராத்திரிக்கு மேல் அதிகம் தாங்காது. மதாமின் மூன்று ஊவ்ரேக்கு ஐம்பது டப்பா. என் வேலை மூடியைத் திறந்து வைப்பது; பின்னாலேயே வாரக்காரர் காஸ் துருத்தியால் பற்ற வைத்துக்கொண்டு வந்தார். சைபர் டிகிரி ஆயிற்று. சைபருக்குக் கீழே ஒன்று. ஒன்றரை.

நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கவனித்தேன். மதாமின் வரிசைகளுக்கு அப்புறம் உள்ள வரிசைகள் வேறொருவருடையவை, அதற்கப்புறம் இன்னொருவருடையவை. வேலி கிடையாது. ஒருவர் ஏற்றிய விளக்கின் சூடு அடுத்தவர் கொடிக்கும் போகிறது. 'என் நிலத்துக்கு மட்டும்' என்று யாரும் பனியைத் தடுக்க முடியாது. 2016-ல் அடிபட்ட பிறகு, 2017 ஏப்ரல் கடைசியில், ஊர் ஊராகச் சேர்ந்து ஈர வைக்கோலைக் கொளுத்திக் குன்று முழுவதும் புகை மூட்டம் போட்டிருக்கிறார்கள். பனி உறைந்த துளிரின் மேல் காலைச் சூரியன் சுள்ளென்று பட்டால் கருகிவிடும். அந்த வெயிலைப் புகை மறைத்துவிடும்.

நாலு மணிக்குச் சரிவு முழுவதும் ஆயிரக்கணக்கான தீபங்கள். கார்த்திகை தீபம் ஞாபகம் வந்தது. ஆனால் கார்த்திகை சந்தோஷப் பண்டிகை. இங்கே யாரும் பேசவில்லை.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. முப்பத்தைந்து வயதுப் பெண் இறங்கினாள். உத்தியோகத்துக்குப் போடுகிற மெல்லிய கோட்டு. தாயார் ஒன்றும் கேட்கவில்லை. தம் கையுறைகளைக் கழற்றிக் கொடுத்தார். மகளும் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாக்களைத் தூக்க ஆரம்பித்தாள். சற்றுப் பொறுத்து என் பக்கத்து வரிசைக்கு வந்தாள். நன்றாக ஆங்கிலம் பேசினாள்.

"உங்கள் அம்மா சொல்லி அனுப்பினாரா?" என்று கேட்டேன்.

"இல்லை. லியோனில் என் வீட்டுச் சன்னலுக்கு வெளியே ஆகாயத்தைப் பார்த்தேன்."

"நிலத்தை விற்றுவிடலாம் என்று நீங்கள்தான் சொன்னதாக..."

"ஆமாம். இரண்டு வருஷமாகச் சொல்கிறேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். அம்மா மழை நாளில் வாளி தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறாள்."

"அப்படியானால் இந்தக் குளிரில் நூற்றைம்பது கிலோ மீட்டர் எதற்காக..."

அவள் ஒரு மூடியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "இன்று ராத்திரி வரை விற்கவில்லையே!"

★

பொழுது விடிந்தது. வைக்கோல் புகை குன்றின் மேல் போர்வை மாதிரி கிடந்தது. வாரக்காரர் ஒரு துளிரைக் கிள்ளி, கட்டைவிரல் நகத்தால் பிளந்து பார்த்தார். உள்ளே பச்சை என்றால் பிழைத்தது; பழுப்பு என்றால் போயிற்று. பச்சை. அடுத்தது. பச்சை. பத்துப் பன்னிரண்டு பார்த்தார். மதாம் ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டார்.

நான் கை தட்டப் போனேன். மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். வாரக்காரர் சாலைக்குக் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். சமவெளியில் அவருடைய சொந்த நிலம். மட்ட விலை ஒயின் விளையும் நிலத்துக்கு எட்டு யூரோ மெழுகுவர்த்தி கட்டுப்படியாகாது. குளிர்ந்த காற்று கனமானது. பள்ளத்தில்தான் போய்த் தங்கும். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் சொல்லாமல் விரல் நகத்தைக் காட்டினார். பழுப்பாக இருந்தது.

ஒன்பது மணிக்கு மதாம் வழக்கம் போல ஏப்ரன் கட்டிக்கொண்டு காலைப் பலகாரம் பரிமாறினார். ரொட்டி, வெண்ணெய், கருந்திராட்சை போல இருக்கும் காஸீஸ் பழத்து ஜாம், சுடச்சுடக் காப்பி. ராத்திரி முழுக்கத் தூங்கிய ஒரு விருந்தாளி, அறைக்குள் புகை நாற்றம் வருவதாகவும், காப்பி பத்து நிமிஷம் தாமதம் என்றும் குறைப்பட்டுக்கொண்டார். "மன்னிக்க வேண்டும், முஸ்ஸியே" என்றார் மதாம். வேறு ஒரு வார்த்தை கிடையாது. எனக்குத்தான் வாய் துறுதுறுத்தது. அவர் கண்ணாலேயே என்னை அடக்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை நான் புறப்பட்டேன். தாயும் மகளும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வக்கீலுக்கு டெலிபோன் செய்துவிட்டதாகத் தெரிந்தது. விற்பதில்லை என்று முடிவு ஒன்றும் இல்லை. 'பறிப்பு முடியட்டும், பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிப் போட்டிருக்கிறார்கள். மகள் உதட்டைப் பிதுக்கினாள். "அம்மா எப்போதும் இப்படித்தான். பறிப்பு முடிந்தால் கவாத்து முடியட்டும் என்பாள்" என்றாள். ஆனால் அவள் முகத்தில் கோபம் இல்லை.

பில் வந்தது. அறை வாடகை, காலைப் பலகாரம், ஊராருக்குச் செலுத்த வேண்டிய தங்கும் வரி எல்லாம் சென்டைம் சுத்தமாகக் கணக்குப் போட்டிருந்தது. ஒரு காசு தள்ளவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு ராத்திரி மூடி திறந்ததற்குக் கூலி கொடுத்திருந்தால் மனசு கஷ்டப்பட்டிருக்கும். காரில் ஏறுகிற சமயம் மட்டும் ஒரு சின்ன ஜாடியைக் கையில் திணித்தார். கடுகு.

"ஒயின் தேசத்திலிருந்து என்ன கொண்டு வந்தீர்கள்?" என்று வீட்டில் கேட்டார்கள். ஜாடியைக் காட்டினேன். "கடுகா? அது நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறதே!" என்றாள் மனைவி. பிறகு மப்ளரை எடுத்து மோந்து பார்த்து, "இது என்ன, ஒரே புகை நாற்றம்! அங்கே போய் என்ன பழக்கம் கற்றுக்கொண்டீர்கள்?" என்று என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். முழுக் கதையையும் சொன்ன பிறகுதான் எனக்குக் காப்பி கிடைத்தது.

செப்டம்பர் கடைசியில் மதாமிடமிருந்து கடிதம் வந்தது. மகளை விட்டு ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருக்கிறார். நாலே வரி.

'பறிப்பு முடிந்தது. மகள் லீவு போட்டுவிட்டு வந்து பறித்தாள். கூரை இன்னும் ஒழுகுகிறது. தேனீக்களின் அறையில் ஒரு வாளி வைத்திருக்கிறேன். நீங்கள் வந்தால் வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.'